மின்வெட்டுக்குப் பிறகு விண்டோஸ் 10 அப்டேட் ஏறவில்லை, பிழை 80073712: உதவி தேவை

தமிழ் வகுப்பு, ரங்கூன்:
வணக்கம். கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்கு வீட்டுக் கணினியில்தான் பாடத்தாள் தயாரிக்கிறேன். விண்டோஸ் 10, பதிப்பு 22எச்2. 2025 அக்டோபர் 14 அன்று வந்த கேபி5066791 அப்டேட் ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து எப்போது முயன்றாலும் பாதியில் நின்று 80073712 என்று பிழை காட்டுகிறது. இதில் அடைக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் சிலவற்றை வைத்து ஏற்கெனவே தாக்குதல் நடக்கிறதாம். மற்ற ஆசிரியர்களின் பென்டிரைவ் எல்லாம் இந்தக் கணினியில்தான் செருகப்படுகிறது. என்ன செய்யலாம்?

பழைய வாசகர்:
அப்டேட்டையே நிறுத்தி வையுங்கள். நெட் காசும் மிச்சம்.

மோல்மேன் கணினிக்காரர்:
டீச்சர், தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற கெட்ட நிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அந்த ஓட்டைகளில் ஒன்றின் பதிவு எண் சிவிஇ-2025-24990. பழைய அகீர் நிறுவன மோடத்தை இயக்கும் டிரைவர் (இயக்கி) விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. மோடமே இல்லாத கணினியிலும் அதை வைத்து நிர்வாகி உரிமையைப் பிடித்துவிடலாம். யாரோ கொடுத்த பென்டிரைவில் உள்ள கெட்ட நிரலைத் தெரியாமல் திறந்தால், சாதாரணப் பயனராக உள்ளே வந்தது முழுக் கணினிக்கும் முதலாளி ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட் அந்த இயக்கியையே இந்த அப்டேட்டில் நீக்கிவிட்டது. அந்த வகை மோடத்தில் ஃபேக்ஸ் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் அது இனி ஓடாது.

80073712 என்றால் விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் கிடங்கு கெட்டிருக்கிறது. ஏறும் நடுவில் கரண்ட் போனதால் இருக்கலாம். கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் பிராம்ப்ட்) நிர்வாகியாகத் திறந்து, முதலில் அந்தக் கிடங்கைச் சரிசெய்யும் டிஸ்ம் கட்டளையை ரெஸ்டோர்ஹெல்த் தெரிவோடு ஓட்டுங்கள். தேவையான கோப்புகளை அது நெட்டிலிருந்து எடுக்கும், அதனால் இணைப்பு அறாத நேரமாகப் பாருங்கள். முடிந்ததும், கெட்ட விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டுங்கள். அப்புறம் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்லாக் தளத்தில் கேபி எண்ணைத் தேடி, உங்கள் கணினிக்குப் பொருந்தும் எம்எஸ்யூ கோப்பை (அப்டேட்டை நேரடியாக ஏற்றும் கோப்பு) இறக்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜர் இருந்தால் நல்லது. முந்தைய மாதத் திருத்தங்களும் இதிலேயே உண்டு, தனித்தனியாகத் தேட வேண்டாம்.

ஏற்றும்போது இன்வெர்ட்டரிலோ யுபிஎஸ்ஸிலோ கட்டாயம் இருக்கட்டும். மறுதொடக்கத்தில் சதவீதம் ஓடும்போது கரண்ட் போனால் மறுபடி இதே கதைதான். முடியும்வரை வெளிப் பென்டிரைவ் எதையும் செருக வேண்டாம்.

தமிழ் வகுப்பு, ரங்கூன்:
நன்றி அண்ணா. முதல் தடவை டிஸ்ம் 62.3 சதவீதத்தில் அசையாமல் நின்றது, பயந்துவிட்டேன். விட்டுவைத்ததும் தானாக முடிந்தது. எம்எஸ்யூ ஏறிவிட்டது. பதிப்பு எண்ணைக் காட்டும் வின்வெர் கட்டளையைப் போட்டால் 19045.6456 என்று காட்டுகிறது, சரிதானே? விண்டோஸ் 10-க்கு இதற்குப் பிறகு எதுவும் வராதாமே?

மோல்மேன் கணினிக்காரர்:
சரிதான் டீச்சர், அந்த எண்தான் வர வேண்டும். எல்லோருக்குமான இலவசத் திருத்தம் இதோடு முடிந்தது. ஆனால் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை ஒத்திசைக்கும் வழியைத் தேர்ந்தால் பணம் கட்ட வேண்டாம். இணைப்பு தெரியவில்லை என்றால் படம் பிடித்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.