அட்மின் அனுமதி எப்போதும் வேண்டுமா?

சித்தப்பா: கவின், பழைய கணக்கு புரோகிராமைப் புது லேப்டாப்பில் போட்டேன். திறக்கிறது, ஆனால் சேமிக்கப் போனால் ‘ஆக்சஸ் டினைட்’ என்கிறது

மீனா அத்தை: அண்ணா, ஐகானில் ரைட் கிளிக் பண்ணி ‘ரன் ஏஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துப் பாருங்கள். என் பிரிண்டர் அப்படித்தான் சரியானது

சித்தப்பா: வேலை செய்கிறது! ஆனால் ஒவ்வொரு தடவையும் திரை மங்கி அனுமதி கேட்கிறது, அதை ஒரேயடியாக அணைத்துவிடலாமா?

கவின்: வேண்டாம் சித்தப்பா, தயவுசெய்து அணைக்காதீர்கள். 2007ல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த பாதுகாப்பு அது. அதற்கு முன் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டில் பெரும்பாலும் முழு அதிகாரமுள்ள அட்மின் கணக்கிலேயே இருப்பார்கள், மெயிலில் வந்த ஏதோ ஒரு ஃபைலைத் திறந்தாலும் அதற்கும் முழு அதிகாரம் போய்விடும்

சித்தப்பா: இந்த லேப்டாப்புக்கு நான்தானே அட்மின், என்னையே எதற்குக் கேட்கிறது?

கவின்: நீங்கள் அட்மின்தான், ஆனால் நீங்கள் திறக்கிற புரோகிராம் சாதாரண அனுமதியோடுதான் ஓடும். ‘யெஸ்’ கொடுத்தால் அதை மூடும்வரை அதற்கு முழு அதிகாரம், அதற்குள்ளிருந்து இன்னொன்று திறந்தால் பெரும்பாலும் அதற்கும் சேர்த்து. சரி, டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

சித்தப்பா: சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள்ளேதான்

கவின்: அதுதான் காரணம். அங்கே எதை எழுதவும் அட்மின் அனுமதி வேண்டும், பழைய புரோகிராம்கள் பல அங்கேயே எழுதப் பார்க்கும். முதலில் டேட்டாவை ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அந்த ஃபோல்டரை டாக்குமெண்ட்ஸுக்கு மாற்றி, புரோகிராம் செட்டிங்ஸில் புது இடத்தைக் காட்டுங்கள்

மீனா அத்தை: அப்போ எதற்குத்தான் ‘யெஸ்’ கொடுப்பது?

கவின்: நீங்களே ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது, பிரிண்டர் மாதிரி கருவிகளை இயக்குகிற டிரைவர் புரோகிராமைப் போடும்போது கொடுக்கலாம் அத்தை. நீங்கள் எதுவுமே செய்யாமல் திடீரென்று அந்தப் பெட்டி வந்தால் ‘நோ’தான். பப்ளிஷர், அதாவது வெளியிட்டவர் பெயர் இடத்தில் ‘அன்னோன்’ (தெரியாது) என்று இருந்தால் அந்த ஃபைல் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடாதீர்கள்

சித்தப்பா: மாற்றிவிட்டேன்பா, சாதாரணமாகத் திறந்தே சேமிக்கிறது. அட்மினில் திறந்தபோது டெஸ்க்டாப்பிலிருந்து ஃபைலை இழுத்துப் போட்டால் உள்ளே போகவே இல்லை, இப்போது அதுவும் போகிறது

கவின்: ஆமாம் சித்தப்பா, டெஸ்க்டாப் சாதாரண அனுமதியில் ஓடுகிறது, அங்கிருந்து அட்மினாக ஓடுகிற ஜன்னலுக்குள் இழுத்துப் போட விண்டோஸ் விடாது

மீனா அத்தை: நான் பிரிண்டருக்கு எப்போதும் அட்மினாகவே திறக்கும்படி டிக் போட்டு வைத்திருக்கிறேனே

கவின்: எடுத்துவிடுங்கள் அத்தை. ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, அங்கே இருக்கும். எடுத்த பிறகு பிரிண்ட் ஆகவில்லை என்றால் வருகிற எரரைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்