கிளாஸ் எழுதியாச்சு, ஆப்ஜெக்ட் எங்க காலை வாரிச்சு?

வைகைக்கரை:
புரோகிராம் எழுதுறதுல கிளாஸ்னா இட்லித் தட்டு மாதிரி அச்சு, ஆப்ஜெக்ட்னா அதுல வார்த்தெடுக்கிற இட்லின்னு எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. பரீட்சைக்கு அது போதும். வேலைன்னு இறங்கினப்ப நீங்க பாத்த கூத்தைச் சொல்லுங்க.

மாசிவீதி:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல எங்க மாமாவுக்குக் கமிஷன் கடை. விவசாயி கொண்டாற மல்லி, பிச்சியை எடை போட்டு, வித்த காசுல கமிஷன் கழிச்சு மிச்சத்தை அவங்க பேர்ல வரவு வைக்கணும். அதுக்குப் பைத்தான்ல ஒரு புரோகிராம் எழுதி வாங்கியிருந்தார். ஓட ஆரம்பிச்ச முதல் நாள் விடியக்காலையே போன்: "மாப்ளே, உடனே கிளம்பி வா. உசிலம்பட்டிக்காரர் சிட்டையில திருமங்கலத்துக்காரர் மல்லியும் சேந்து வருதுடா. ரெண்டு பேரும் இங்கதான் நிக்கிறாங்க."

போய்ப் பாத்தா விவசாயின்னு ஒரு கிளாஸ். பேரும் ஊரும் இனிட்டுக்குள்ள (ஒவ்வொரு ஆப்ஜெக்ட் உண்டாகும்போதும் ஓடுற பகுதி), செல்ஃப் (இந்த ஆப்ஜெக்டோடதுன்னு காட்டுற வார்த்தை) போட்டு ஒழுங்கா இருக்கு. சரக்குங்கிற காலி லிஸ்ட் மட்டும் இனிட்டுக்கு வெளிய, கிளாஸ் வரிக்கு நேர் கீழ. அப்ப அது கிளாஸோட லிஸ்ட். எத்தனை விவசாயி ஆப்ஜெக்ட் உண்டாக்கினாலும் எல்லாரும் அப்பெண்ட் பண்றது, அதாவது கடைசியில சேக்குறது, அந்த ஒண்ணுலதான். எழுதினவர் ஒரே ஒரு பேரைப் போட்டு ஓட்டிப் பாத்துட்டுக் கொடுத்திருக்கார். ஒரு ஆளுன்னா எல்லாம் சரியாத்தானே வரும்!

இதுல குழப்புற இடம் ஒண்ணு இருக்கு. கமிஷன் சதவீதமும் அதே மாதிரி கிளாஸுக்குக் கீழதான் இருந்துச்சு, அது தப்புப் பண்ணல. ஒருத்தருக்கு மட்டும் சதவீதத்தை மாத்தி எழுதினா, அந்த ஆப்ஜெக்டுக்குன்னு தனியா ஒண்ணு உண்டாயிடும், மத்தவங்களைத் தொடாது. அப்பெண்ட் புதுசா எதையும் உண்டாக்காது, இருக்கிற லிஸ்ட்லயே போய்ச் சேரும்.

லிஸ்ட் வரியை இனிட்டுக்குள்ள தூக்கி, முன்னாடி செல்ஃப் போட்டேன். "இந்த ஒத்த வரிக்கா இம்புட்டு நேரம் உத்துப் பாத்த?"ன்னாரு மாமா.

திருநகர்:
நான் ஜாவா லேப் எடுக்குறேன். வருஷா வருஷம் வர்ற கேள்வி: "சார், நியூ போட்டிருக்கேன், அப்பவும் நல் பாயிண்டர் எக்ஸப்ஷன் வருது." நியூங்கிறது புதுசா உண்டாக்குற வார்த்தை, நல்னா அங்க ஆப்ஜெக்ட் எதுவும் இல்லைன்னு அர்த்தம். 60 மாணவர்க்கு அரே, அதாவது வரிசையா இடங்கள், உண்டாக்கியிருப்பாங்க. அந்த நியூ அரேக்கு மட்டுந்தாம்மா. 60 இடம் கிடைச்சிருக்கு, அம்புட்டும் நல். லூப் போட்டு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மாணவர் ஆப்ஜெக்ட் உண்டாக்கணும். பிள்ளைங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். நல் ரெஃபரன்ஸை 1965ல கொண்டு வந்த கம்ப்யூட்டர் விஞ்ஞானி டோனி ஹோரே, 2009ல தன் வாயாலயே அதை நூறு கோடி டாலர் தப்புன்னாரு.

அடுத்தது கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்ட் உண்டாகும்போது ஓடுற பகுதி. பேர் வாங்குற கன்ஸ்ட்ரக்டர் ஒண்ணை நீங்க எழுதிட்டா, ஜாவா தானா கொடுத்த, எதையும் வாங்காத வெறும் கன்ஸ்ட்ரக்டர் போயிடும். பேர் கொடுக்காம ஆப்ஜெக்ட் உண்டாக்கி, நேத்து வரைக்கும் கம்பைல் ஆன வரி இன்னிக்கு எரர்.

சுங்குடி:
சேலைக்கடை பில்லிங்ல நான் பாத்தது. நேத்து பில்லை எடுத்து, விலையை மட்டும் மாத்தி இன்னிக்கு பில் போடலாம்னு சமக்குறி போட்டு இன்னொரு பேர்ல வச்சிருந்தாங்க. நேத்து பில்லும் மாறிப்போச்சு. பேர் ரெண்டு, ஆப்ஜெக்ட் ஒண்ணு. காப்பி ஃபங்ஷன் போட்டும் தீரல. உள்ள இருக்கிற ஐட்டம் லிஸ்ட் அப்பவும் ரெண்டுக்கும் பொது. உள்ள இருக்கிறதையும் சேத்து நகலெடுக்குற டீப்காப்பி போட்டப்புறந்தான் நின்னுச்சு.

மாசிவீதி அண்ணே, அந்த லிஸ்ட் ஒண்ணுதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

மாசிவீதி:
ஆப்ஜெக்டோட அடையாள நம்பரைச் சொல்ற ஐடி ஃபங்ஷன் இருக்குல்ல தம்பி. உசிலம்பட்டிக்காரர் லிஸ்டுக்கு ஒண்ணு, திருமங்கலத்துக்காரர் லிஸ்டுக்கு ஒண்ணு பிரிண்ட் போட்டேன். ரெண்டும் அச்சு அசலா ஒரே நம்பர். அதுக்கப்புறம் தேட என்ன இருக்கு?