மறுமொழி: ட்ரைபாட் திருகுக்கு ஒரு கலைச்சொல்

வணக்கம் நண்பர்களே,

> கேமராவை ட்ரைபாடில் பூட்டும் திருகை 'ஒளிப்படக்கருவி நிறுவுதிருகு' என்று சொல்லலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. இதைக் கொண்டுபோய் ஓசூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் சொன்னால் எந்த போல்ட்டும் கைக்கு வராது. வீட்டுப் பட்டறையில் சின்ன லேத்தை வைத்துக்கொண்டு ட்ரைபாட் தலையும், கேமராவின் அடியில் பூட்டும் தகடும் செய்பவருக்கு, கேட்டதும் சரியான சாமான் கிடைக்கிற பெயர் வேண்டும்.

பாதிப் பெயர் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. இன்ச்சில் எட்டில் ஒரு பங்கை வெல்டரும் கம்பி கட்டுபவரும் 'நூல்' என்றுதான் சொல்கிறார்கள். கேமராவின் அடியில் இருக்கும் துளை கால் இன்ச், அதாவது இரண்டு நூல். தலையைக் காலோடு சேர்க்கும் பெரிய திருகு பெரும்பாலும் 3/8 இன்ச், அதாவது மூன்று நூல்.

ஆனால் 'இருநூல் மரை' (மரை என்றால் திருகில் சுற்றி ஓடும் வரி) என்று நிறுத்திவிட்டால் ஆபத்து. 6 மி.மீ. கம்பியையும் இரண்டு நூல் என்றே கேட்டு வாங்குகிறோம். கேமரா மரையில் இன்ச்சுக்கு 20 புரி, அதாவது 20 சுற்று; ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் உள்ள புரியிடைத் தூரம் 1.27 மி.மீ. சாதாரண 6 மி.மீ. போல்ட்டில் அது 1 மி.மீ.தான்; விட்டமும் 0.35 மி.மீ. குறைவு. அதைக் கேமராவில் போட்டுப் பாருங்கள். முதலில் லொடலொடவென்று உள்ளே போகும், அப்புறம் இறுகிவிட்டது போலவே நிற்கும். உண்மையில் புரிகளின் நுனி மட்டுமே பிடித்திருக்கும். கனமான லென்ஸோடு தலையைச் சாய்க்கும்போது மரை உரிந்து, கேமரா தரைக்கு வந்துவிடலாம். அதனால் சொல்லுக்குள்ளேயே இந்த வேறுபாடு இருந்தாக வேண்டும்.

என் முன்மொழிவு: 'இருநூல் இன்ச் மரை', 'முந்நூல் இன்ச் மரை'. 'அங்குல மரை' என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் பட்டறையில் துளைக்குள் மரை வெட்டும் கருவியை 'இன்ச் டேப்', 'எம்.எம். டேப்' என்றுதான் பிரித்துப் பேசுகிறோம்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் தர அளவான விட்வொர்த் மரைக்கும், இன்றைய இன்ச் தர அளவான யு.என்.சி. மரைக்கும் கால் இன்ச்சில் 20 புரி, 3/8 இன்ச்சில் 16 புரி. மரையின் கோணம்தான் 55 பாகை, 60 பாகை என்று மாறும். கேமரா தாங்கும் வேலைக்கு ஒன்றில் மற்றது ஏறிவிடும், ஆகவே ஒரே சொல் இரண்டுக்கும் போதும்.

> நூல் என்றால் புரி என்று நினைத்துவிட மாட்டார்களா?

மாட்டார்கள். பள்ளியில் திருகு அளவி படித்த எல்லோருக்கும் புரி என்ற சொல் தெரியும். இரண்டு புரிகள் சேர்ந்து ஓடும் மரைக்கு 'இருபுரி மரை' என்பதை ஒதுக்கிவிட்டால் சரி.

செய்முறைக் குறிப்பில் இப்படி வரும்: "அலுமினியத் தகட்டின் நடுவில் 5.1 மி.மீ. துளை போட்டு, இருநூல் இன்ச் மரை இடவும். மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பி, வெட்டுப்பட்டு வரும் உலோகச் சுருளை உடைக்கவும்." வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை.

அடுத்து அந்தத் தகட்டின் விளிம்பு. இரு பக்கமும் 45 பாகையில் உள்வாங்கச் சீவி, கவ்வியில் நழுவவிட்டுப் பூட்டுகிறோமே, அந்தச் சரிவுக்கு, ஆங்கில 'டவ்டெயிலை' அப்படியே பெயர்த்து 'புறாவால்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தச்சர்கள் மர இழைப்பில் இதே வெட்டை என்ன சொல்லி அழைக்கிறார்கள்? கேட்டறிந்தவர்கள் எழுதுங்கள்.