திராவிட மொழிகளின் வயதுக் கணக்கு: புள்ளியியல் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். திராவிட மொழிக் குடும்பத்துக்கு ஏறக்குறைய 4,500 வயது என்று 2018இல் வந்த ஆய்வைப் பற்றி மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். 20 மொழிகளின் அடிப்படைச் சொற்களை வைத்து, உயிரினங்களின் கிளைமரம் வரையும் அதே பேய்சியன் முறையில் (நிகழ்தகவை வைத்துக் கணிக்கும் புள்ளியியல் முறை) கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழில் கண், கன்னடத்தில் கண்ணு, தெலுங்கில் கன்னு எல்லாம் ஒரே மூலச்சொல்லிலிருந்து வந்தவை என்பதால் ஒரே தொகுதி. அந்தத் தொகுதியில் ஒரு மொழிக்குச் சொல் இருந்தால் 1, இல்லையென்றால் 0. இதுவரை சரி. (நான் தமிழ்த்துறை, இதுவே பெரிய விஷயம்!)

அப்புறம்தான் சிக்கல். சொற்கள் மாறும் வேகம் கிளைக்குக் கிளை வேறுபடலாம் என்று விட்டுவிட்டால், ஆண்டுக்கணக்கு எதைப் பிடித்து நிற்கிறது? கடன்சொற்களை எப்படிக் கையாளுவார்கள்? சமன்பாடு அதிகம் இல்லாமல், இந்தக் கிளைமரக் கணக்குக்கான பீஸ்ட் (BEAST) மென்பொருளில் செய்துபார்க்கிற மாதிரி யாராவது விளக்க முடியுமா? தமிழில் குறிப்பு ஏதும் இருந்தாலும் அனுப்புங்கள்.