அப்பாவுடன் வாழ்ந்தவர் வீட்டைக் காலி செய்ய மறுக்கிறார்

வீட்டுப் பத்திரம் அம்மா பெயரில். 2016இல் அம்மா இறந்தபின் அப்பா, நான், தங்கை மூவரும் வாரிசுகள்; பாகப்பிரிவினை செய்யவில்லை. 2019 முதல் அப்பாவுடன் ஒரு பெண்மணி அங்கே வாழ்ந்தார். திருமணம் பதிவாகவில்லை, வாடகை ஒப்பந்தமும் இல்லை. போன வருடம் அப்பாவும் போய்விட்டார். உயில் எதுவும் கிடைக்கவில்லை.

உட்கார்ந்து பேசினோம், அவகாசம் கொடுத்தோம், அப்புறம் வக்கீல் நோட்டீஸும் அனுப்பினோம். பதிலுக்கு, தான் கட்டிய மின்கட்டண ரசீதுகளையும் கூரை மாற்றிய பில்லையும் நீட்டுகிறார். கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான், அதை மறுக்கவில்லை. பூட்டை மாற்றிவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள்; எங்கள் இருவருக்கும் அது சரியாகப் படவில்லை.

அப்பாவின் அனுமதியில் தங்கியவர் என்ற நிலை அப்பாவின் இறப்போடு முடிந்துவிடுமா, இல்லை அப்பாவின் பங்கை வைத்து இவர் தொடர்ந்து குடியிருக்க உரிமை கோர முடியுமா?