பஸ் பயணத்துக்கும் இணையவழி வகுப்புக்கும் ஏற்ற இயர்பட்ஸைத் தெரிவு செய்ய உதவி தேவை

தலவாக்கலை ஆசிரியை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலையில் வசிக்கும் நான், ஹற்றனில் உள்ள ஒரு பாடசாலைக்கு நாள்தோறும் பஸ்ஸில் போய் வருகிறேன். வழியில் விரிவுரைப் பதிவுகளைக் கேட்பதற்கும், வார இறுதியில் கைபேசி வழியாக நடக்கும் பட்டப்படிப்பு வகுப்புகளுக்கும், கொழும்பில் வேலை செய்யும் தம்பியுடன் பேசுவதற்கும் ஒரே சோடி இயர்பட்ஸ் வாங்க எண்ணியுள்ளேன். 15,000 ரூபாய் வரை செலவிட முடியும். கடையில் காட்டிய ஒரு பெட்டியில் ஏ.என்.சி. என்றும், அதைவிட விலை குறைந்த மற்றொன்றில் ஈ.என்.சி. என்றும் இருந்தன. இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னார். அது சரியா? எங்கள் பக்கத்து மழையையும் மூடுபனியையும் இவை தாங்குமா?

ஹற்றன் கைபேசி திருத்துநர்:
வணக்கம் சகோதரி. இரண்டும் ஒன்றல்ல, உங்கள் தெரிவே இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது. ஏ.என்.சி. உங்கள் காதுக்கானது. வெளியிலுள்ள ஒலியை இயர்பட்ஸின் ஒலிவாங்கி உணர்ந்து, அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கி, இரைச்சலைத் தணிக்கிறது. பஸ் இயந்திரத்தின் உறுமலைப் போன்ற, தாழ்ந்த, தொடர்ச்சியான ஒலியில் அது நன்றாக வேலை செய்யும். ஹோர்ன் சத்தத்தையும் பக்கத்து இருக்கைப் பேச்சையும் அந்த அளவுக்குக் குறைக்காது. ஈ.என்.சி. மறுமுனையில் இருப்பவருக்கானது. நீங்கள் பேசும்போது சுற்றியுள்ள இரைச்சலை வடிகட்டி, உங்கள் குரலை மட்டும் தம்பிக்கு அனுப்ப முயலும். உங்கள் காதில் விழும் பஸ் சத்தம் சிறிதும் குறையாது.

ஏற்றத்தில் பஸ் முனகும்போது பதிவு கேட்காததால் ஒலியளவை உயர்த்திக்கொண்டே போவோம். பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலங்கள் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. 90 டெசிபலில் அது வெறும் 4 மணித்தியாலங்களாகக் குறைகிறது. ஏ.என்.சி. இருந்தால் ஒலியளவை அவ்வளவு உயர்த்த வேண்டியதில்லை. நாள்தோறும் பயணம் செய்யும் ஓர் ஆசிரியையின் செவி காக்கப்பட வேண்டும் என்பதால், ஏ.என்.சி. உள்ளதையே வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஆனால் சிலிக்கோன் முனை காதுத்துளையை இறுக மூடாவிட்டால் ஏ.என்.சி. இருந்தும் பயனில்லை. ஆகவே பெட்டியிலுள்ள எல்லா அளவுகளையும் போட்டுப் பாருங்கள்.

நானுஓயா வாசி:
மழையைப் பற்றி நான் சொல்கிறேன். பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 என்ற நீர்த்தாங்கு தரம் இருந்தால், எப்பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று பொருள். பஸ் தரிப்பிடத்திலிருந்து வீடு வரை தூறலில் நடக்க அது போதும். கவனிக்க வேண்டியது, அந்தத் தரம் பெரும்பாலும் இயர்பட்ஸுக்கு மட்டுமே. மின்னேற்றும் பேழைக்கு அல்ல. மூடுபனியில் நடந்து வந்து ஈரத்தோடு பேழைக்குள் வைத்தால், மின்தொடுகைப் புள்ளிகள் காலப்போக்கில் அரித்துவிடும்; பிறகு ஒரு பக்கம் மட்டும் மின்னேறாது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்த பின்பே உள்ளே வையுங்கள். குளிரில் மின்கலம் சற்று விரைவாக இறங்கும், ஆனால் நம் ஊர்க் குளிர் அதற்குக் கேடு செய்யும் அளவுக்குப் பெரும்பாலும் போவதில்லை.

தலவாக்கலை ஆசிரியை:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு பெட்டியில் எல்.டி.ஏ.சி. என்று போட்டு, விலையும் கூடுதலாக இருந்தது. வகுப்பில் விரிவுரையாளரின் குரல் அதில் தெளிவாகக் கேட்குமா?

ஹற்றன் கைபேசி திருத்துநர்:
அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம் சகோதரி. எல்.டி.ஏ.சி. பாடல் கேட்பதற்கான, சோனி நிறுவனம் உருவாக்கிய ஒலிக்குறியீட்டு முறை, அதாவது புளூடூத் வழியே ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. உங்கள் கைபேசியும் அதை ஏற்க வேண்டும். நீங்கள் பேசுவதற்காக ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும், வழமையான புளூடூத் இணைப்பு அழைப்புக்கான வேறொரு முறைக்கு மாறிவிடுகிறது. அதில் ஒலி பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹேர்ட்ஸ் மாதிரி வீதத்துக்குள் (ஒரு நொடியில் ஒலியை அளந்து பதியும் தடவைகள்) அடங்கிவிடுவதால்தான், விலையுயர்ந்த இயர்பட்ஸிலும் வகுப்புக் குரல் மங்கலாகக் கேட்கக்கூடும். வீட்டிலிருந்து படிக்கும்போது, ஒலிவாங்கியுள்ள சாதாரண வயர் இயர்போன் இந்த மாற்றத்துக்கு உட்படாது. விலையும் மிகக் குறைவு. மடிகணினி இருந்தால், கேட்பதற்கு இயர்பட்ஸையும் பேசுவதற்குக் கணினியின் ஒலிவாங்கியையும் தெரிவு செய்யலாம்.

தலவாக்கலை ஆசிரியை:
என்னிடம் மடிகணினி இல்லை. ஆகவே பஸ்ஸுக்கு ஏ.என்.சி. உள்ள, ஐ.பி.எக்ஸ்.4 தரமுடைய ஒன்றையும், வகுப்புக்கு ஒரு வயர் இயர்போனையும் வாங்கத் தீர்மானித்துள்ளேன். தம்பியுடன் பேசும்போது மட்டும் சந்தேகம் மிச்சமிருக்கிறது.

நானுஓயா வாசி:
ஏ.என்.சி. உள்ள பலவற்றில் ஈ.என்.சி.யும் சேர்ந்தே வருகிறது. எனினும் பெட்டியை நம்பாமல், கடைக்காரரின் அனுமதியுடன் வீதியோரம் நின்று தம்பிக்கு அழைப்பெடுத்து, வாகனங்கள் போகும்போது உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். யன்னலோரம் காற்று நேரே அடித்தால் எந்த ஒலிவாங்கியும் தடுமாறும். அப்போது யன்னலை மூடிவிட்டுப் பேசுங்கள். மின்கலத்தை மாற்றுவது கடினம் என்பதால், உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.