வேளாண் உமிழ்வு: ஒரே நாட்டுக்கு இரண்டு எண் ஏன்?

கேள்வி: வேளாண் உமிழ்வு பற்றி ஃபாவோஸ்டாட் (உணவு வேளாண் அமைப்பான FAO-வின் தரவுத்தளம்) தரும் தரவும் நாடுகள் ஐ.நா.வுக்குத் தரும் அறிக்கையும் ஒத்துப்போகவில்லை. எதை வைத்து ஒப்பிடுவது?

பதில் 1: முதலில் பெருக்கெண்ணை, அதாவது ஒரு டன் வாயு எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்ற எண்ணைப் பாருங்கள். மீத்தேனுக்கு ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) நான்காம் அறிக்கையில் 25, ஐந்தாவதில் 28. நைட்ரஸ் ஆக்சைடோ 298இலிருந்து 265 ஆனது. ஒரு மாடுகூடக் கூடாமல் மீத்தேன் கணக்கு 12% ஏறிவிடும்! வாயு வாரியாக டன்னில் எடுத்து நீங்களே பெருக்குங்கள்.

பதில் 2: அப்படியும் இடிக்கும். ஃபாவோஸ்டாட் எல்லா நாட்டுக்கும் 'மாடு ஒன்றுக்கு இத்தனை கிலோ மீத்தேன்' என்ற, பிராந்திய வாரியான பொதுக் காரணியைப் போடுகிறது. நியூசிலாந்து போன்றவை மாட்டின் எடை, தீவனம் பார்த்துக் கணக்கிடுகின்றன. தரவரிசைக்கு ஃபாவோஸ்டாட், ஒரு நாட்டை ஆழமாகப் பார்க்க அதன் சொந்த அறிக்கை.

பதில் 3: எது எந்தத் துறையில் சேர்கிறது என்பதையும் பாருங்கள். டிராக்டர் டீசல் ஐ.நா. அறிக்கையில் எரிசக்தித் துறைக்குப் போய்விடும். உரத் தயாரிப்பு தொழில்துறைக்கு. காடழிப்பைச் சேர்த்தால் பிரேசிலின் எண் எகிறும்.